வீடு, திருமணம், சம்பளம்: பெண்களின் மாறிவரும் வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமணம் நிச்சயமான பெண்கள், பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்கள், மனைவியின் சம்பளம் தன்னுடையதைத் தாண்டிவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் ஆண்கள் என்று பலர் பல வருடங்களாக என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பெண்கள் வேலைக்குப் போவது இந்தக் காலத்துப் பழக்கம்தானே? முன்பெல்லாம் வீட்டோடுதானே இருந்தார்கள்?

வீட்டோடு இருந்தார்கள், ஆனால் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் வீடுதான் பட்டறை. நூற்பது, நெய்வது, ஆடு மாடு பார்ப்பது, விதைப்பது, அறுப்பது, விற்பது எல்லாம் வீட்டிலும் வீட்டைச் சுற்றியும்தான் நடந்தன. ஒரு கை தறியில் இருந்தால் இன்னொரு கை தொட்டிலில் இருந்தது. பிறகு வேலை வீட்டை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனது. தொட்டில் வீட்டிலேயே நின்றுவிட்டது. திருமணமான பெண்களால் இரண்டு இடத்திலும் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவின் 200 ஆண்டுத் தரவுகளைத் தோண்டி எடுத்து இதைக் காட்டியவர் பொருளாதார அறிஞர் கிளாடியா கோல்டின். திருமணமான பெண்கள் வேலையில் இருந்த விகிதம் 19-ஆம் நூற்றாண்டில் தொழில்மயமானபோது இறங்கியது. 20-ஆம் நூற்றாண்டில் அலுவலக வேலை, ஆசிரியர் வேலை, மருத்துவமனை வேலை என்று சேவைத் துறை வளர்ந்தபோது மறுபடி ஏறியது. வரைந்து பார்த்தால் ஒரு கிண்ணத்தின் வடிவம் வரும். இந்த ஆய்வுகளுக்காக 2023-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை யாருடனும் பகிராமல் தனியாகப் பெற்ற முதல் பெண் அவர்.

"ஆண் சம்பாதிப்பான், பெண் வீட்டைப் பார்ப்பாள்" என்பதை ஆதிகாலத்து ஏற்பாடு என்று நினைக்கிறோம். அது அந்தக் கிண்ணத்தின் அடிப்பகுதி. அதுவும் ஓரளவு வசதியான வீடுகளில் மட்டும் நடந்தது. ஏழைப் பெண்களுக்கு வீட்டில் இருப்பதா வேண்டாமா என்ற கேள்வியே எழுந்ததில்லை.

மனைவி வேலைக்குப் போகக் கணவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டமே இருந்ததாமே, உண்மையா?

உண்மை. அதுவும் வெகுகாலத்துக்கு முன்பு இல்லை. இங்கிலாந்தில் திருமணமான பெண் தன் உழைப்பில் ஈட்டிய கூலியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 1870-இல்தான் சட்டமானது. சொத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் உரிமைக்கு 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்சில் கணவரின் சம்மதமில்லாமல் மனைவி வேலைக்குப் போகலாம், வங்கிக் கணக்கு தொடங்கலாம் என்று சட்டம் வந்தது 1965-இல். அயர்லாந்தில் அரசு வேலையில் இருந்த பெண் திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது. மேற்கு ஜெர்மனியில் 1977 வரை, குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாத வரைக்கும்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் கணவனும் மனைவியும் சமம் என்ற புதிய திருமணச் சட்டம் 1988-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இந்த வருடங்களை நான் அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. "எல்லாம்தான் மாறிவிட்டதே, இன்னும் என்ன?" என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, இந்தச் சட்டங்களுக்குக் கீழே வாழ்ந்த பெண்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள் என்பதைத்தான். சட்டத்தை ஒரே நாளில் மாற்றலாம். அந்தச் சட்டம் இருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது எது? படிப்பா, போராட்டமா, இயந்திரங்களா?

மூன்றும்தான். அதோடு நான்காவதாகக் கருத்தடை மாத்திரையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1960-இல் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. எப்போது குழந்தை என்பதைத் தானே முடிவு செய்ய முடிந்த பெண், ஐந்தாறு வருடம் நீளும் படிப்பில் துணிந்து சேர்ந்தாள். 1960-களில் உலகில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து குழந்தைகள். இப்போது இரண்டேகால். ஒரு பெண்ணின் ஆயுளில் கைக்குழந்தையோடு கழியும் வருடங்கள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் சலவை இயந்திரமும் செய்ததையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். தண்ணீர் சுமந்து, துவைத்துப் பிழிந்து, காயவைத்து மடித்து என்று ஒரு முழு நாளைத் தின்ற வேலை, ஒரு பொத்தானை அழுத்துவதாகச் சுருங்கியது. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தும் விரல் பெரும்பாலான வீடுகளில் இன்னும் மாறவில்லை.

வீட்டு வேலையை ஏன் "வேலை" என்று கணக்கில் சேர்ப்பதில்லை?

நாட்டு வருமானத்தை எப்படிக் கணக்கிடுவது என்று 1953-இல் ஐக்கிய நாடுகள் சபை ஒரு முறையை வகுத்தது. வீட்டுக்குள் வீட்டாருக்காகச் செய்யும் சமையல், சுத்தம், குழந்தை பார்ப்பது, முதியோரைப் பார்ப்பது எதுவும் அதில் இடம்பெறவில்லை. இதற்கு 19 வருடம் முன்பே, 1934-இல், மார்கரெட் ரீட் என்ற பொருளாதார அறிஞர் ஓர் எளிய சோதனையைச் சொல்லியிருந்தார்: ஒரு வேலையைக் கூலி கொடுத்து இன்னொருவரைச் செய்யச் சொல்ல முடியும் என்றால் அது உற்பத்தி. எனக்காக இன்னொருவர் தூங்க முடியாது, எனக்காக இன்னொருவர் சாப்பிட முடியாது. ஆனால் எனக்காக இன்னொருவர் சமைக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், என் குழந்தையைக் குளிப்பாட்டலாம். ஆகவே இவையெல்லாம் வேலை. இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எவ்வளவு வேலை? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 64 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சம்பளமில்லாத பராமரிப்பு வேலை ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம். 200 கோடிப் பேர் சம்பளமே வாங்காமல் தினமும் எட்டு மணி நேரம் உழைப்பதற்குச் சமம். அதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமாகப் பெண்கள் செய்கிறார்கள். சராசரியாகப் பெண்ணுக்கு 4 மணி 25 நிமிடம், ஆணுக்கு 1 மணி 23 நிமிடம். இரண்டும் சமமாக இருக்கும் நாடு ஒன்றுகூட இல்லை.

கணக்கில் வராத இந்த வேலையை ஒரு நாள் நிறுத்திக் காட்டினார்கள் ஐஸ்லாந்துப் பெண்கள். 1975 அக்டோபர் 24. நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் அன்று அலுவலகத்திலும் வேலை செய்யவில்லை, வீட்டிலும் வேலை செய்யவில்லை. பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும் மூடிக்கிடந்தன, தொலைபேசி இணைப்பகங்கள் திணறின. அப்பாக்கள் பிள்ளைகளைக் கையோடு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். வானொலியில் செய்தி வாசிக்கிறவரின் குரலுக்குப் பின்னால் குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்டது என்று அந்த நாளைப் பற்றிச் சொல்வார்கள். அந்தச் சத்தம் எப்போதும் இருந்ததுதான். அன்றைக்குத்தான் நாட்டுக்குக் கேட்டது. அடுத்த வருடமே சமத்துவச் சட்டம் வந்தது. ஐந்து வருடம் கழித்து விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் அந்நாட்டின் அதிபரானார். மக்கள் வாக்களித்து அதிபரான உலகின் முதல் பெண் அவர். ஒரு மகளைத் தனியாக வளர்த்த தாய்.

நான் மனைவிக்கு வீட்டு வேலையில் நிறைய உதவி செய்கிறேன். அப்புறமும் அவள் களைத்துப் போகிறாளே, ஏன்?

கேட்டதற்கே நன்றி. நிறையப் பேர் இதைக் கேட்பதுகூட இல்லை.

ஓர் இரவைப் பார்ப்போம். மணி பத்தரை. கணவர் பாத்திரம் தேய்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார். மனைவி கட்டிலில் படுத்திருக்கிறாள். பார்த்தால் ஓய்வு மாதிரிதான் தெரியும். ஆனால் அவள் தலைக்குள் ஓடுவது: சின்னவனுக்குத் தடுப்பூசி நாள் தாண்டிவிட்டதா, பெரியவளின் காலணி இறுக்கமாகிவிட்டது என்றாளே, மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை வியாழனோடு தீரும், நாளைக்குப் பள்ளியில் வண்ணத்தாள் கேட்டிருக்கிறார்கள், குளியலறைக் குழாய் சொட்டுகிறது, ஆளைக் கூப்பிட வேண்டும். கணவர் உள்ளே வந்து, "வேறே ஏதாவது செய்யணுமா? சொல்லு, செய்றேன்" என்கிறார். மனசாரத்தான் கேட்கிறார். ஆனால் என்னென்ன இருக்கிறது என்று யோசித்து, பிரித்து, சொல்லி, முடிந்ததா என்று பார்ப்பதும் ஒரு வேலை. அந்த வேலையை அவர் கேட்கவே இல்லை.

"உதவி" என்ற சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. இன்னொருவருடைய வேலையைத்தான் நாம் உதவி என்று செய்வோம். சொன்னால் பாத்திரம் தேய்ப்பதைவிட, சொல்லாமலே ஒரு பகுதியை முழுசாக எடுத்துக்கொள்வது பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும். உதாரணமாக, குழந்தைகளின் மருத்துவம் முழுக்க உங்கள் பொறுப்பு என்றால், தடுப்பூசி அட்டை எங்கே இருக்கிறது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, அடுத்து எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் உங்கள் தலையில் இருக்க வேண்டும். மனைவி அதை மறந்துவிட முடிய வேண்டும்.

அலுவலகத்திலிருந்து வந்த பிறகு தொடங்கும் இந்த வேலைக்குச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1989-இல் "இரண்டாவது ஷிப்ட்" என்று பெயர் வைத்தார். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பெயர் பழசாகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் இருக்கும்போது இடைவெளி எங்கிருந்து வருகிறது?

சர்வதேச உடன்படிக்கையே 1951-இல் வந்துவிட்டது. வெளிப்படையான பாகுபாடு இன்னும் உண்டு. ஆனால் வளர்ந்த நாடுகளில் பெரிய பங்கு முதல் குழந்தையிலிருந்து தொடங்குகிறது. டென்மார்க்கில் பல ஆண்டுத் தரவுகளை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வு இதைப் படம்போலக் காட்டியது. முதல் குழந்தை பிறக்கும்வரை ஆணின் வருமானமும் பெண்ணின் வருமானமும் ஒன்றுபோலவே நகர்கின்றன. பிறந்த வருடம் பெண்ணின் கோடு சட்டென்று விழுகிறது. நீண்ட காலத்தில்கூடச் சுமார் 20 சதவீதம் தாழ்வாகவே நிற்கிறது. ஆணின் கோட்டில் அசைவே இல்லை. பெற்றோருக்கான வசதிகளுக்குப் பேர்போன நாட்டில் இந்த நிலை.

கோல்டின் இன்னொன்றைச் சுட்டிக்காட்டுகிறார். சில வேலைகள் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வருகிறவருக்கு மட்டும் மிகக் கூடுதலாகக் கொடுக்கின்றன. இரவு ஒன்பதுக்குக் கூட்டம், விடுமுறையில் அழைப்பு, திடீர்ப் பயணம். வீட்டில் குழந்தை இருந்தால் யாராவது ஒருவர் "கூப்பிட்டால் வீட்டுக்கு ஓடுகிறவராக" இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை எல்லா வீடுகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஷெல்லி கொரெல் குழுவினரின் ஆய்வையும் சொல்லியாக வேண்டும். ஒரே தகுதியுள்ள இரண்டு விண்ணப்பங்கள். ஒன்றில் மட்டும் இவர் ஒரு தாய் என்று தெரியும்படி ஒரு குறிப்பு. அதைப் பார்த்தவர்கள் அவருக்குக் குறைந்த திறமை, குறைந்த ஈடுபாடு என்று மதிப்பெண் போட்டார்கள், குறைந்த சம்பளம் சொன்னார்கள். தந்தை என்று தெரிந்த ஆணுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

அப்படியென்றால் பேறுகால விடுப்பை இன்னும் நீட்டினால் போதுமா?

தாய்க்கு விடுப்பு வேண்டும், அதில் பேச்சே இல்லை. சர்வதேசத் தரம் குறைந்தது 14 வாரம் என்கிறது, அதுவும் முந்தைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொகையோடு. ஆனால் தாய்க்கு மட்டும் விடுப்பை நீட்டிக்கொண்டே போனால், இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கும்போதே முதலாளி கணக்குப் போட ஆரம்பிப்பார். தந்தைக்கும் விடுப்பு இருந்தால்தான் அந்தக் கணக்கு மாறும்.

சுவீடன் 1974-இலேயே தாயோ தந்தையோ யாரும் எடுக்கலாம் என்று பெற்றோர் விடுப்பைக் கொண்டுவந்தது. எடுத்தவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள்தான். நார்வே 1993-இல் நான்கு வாரத்தைத் தந்தைக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அந்த வாரங்கள் குடும்பத்துக்கே இல்லாமல் போய்விடும். அதுவரை விரல் விட்டு எண்ணக்கூடிய தந்தையர் எடுத்த விடுப்பு, சில வருடங்களில் பெரும்பாலான தந்தையரின் வழக்கமாகிவிட்டது. ஜப்பானிலும் தந்தைக்குத் தாராளமான விடுப்பு சட்டத்தில் இருந்தது. ஆனால் 2019-இல்கூட நூற்றில் எட்டுப் பேருக்கும் குறைவானவர்களே எடுத்தார்கள். உரிமை இருந்தும், எடுத்தால் அலுவலகத்தில் என்ன நினைப்பார்களோ என்ற பயம் தடுத்தது.

அம்மா வேலைக்குப் போனால் குழந்தைகள் ஏங்கிப்போவார்கள் என்கிறார்களே?

குற்ற உணர்ச்சியோடு வரும் கேள்வி இது. கேட்கிறவர்கள் எப்போதும் அம்மாக்கள்தான். ஓர் அப்பாகூட என்னிடம் இதைக் கேட்டதில்லை.

29 நாடுகளின் தரவுகளை வைத்து கேத்லீன் மெக்கின் குழுவினர் பார்த்தார்கள். வேலைக்குப் போன தாயின் மகள்கள் பெரியவர்களானபின் வேலையில் இருக்கும் வாய்ப்பு அதிகம். மகன்கள் தங்கள் குடும்பத்தாரைக் கவனிப்பதில் கூடுதல் நேரம் செலவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் மக்கள் எழுதிய நேரக் குறிப்பேடுகளின்படி, இன்றைய தாய்மார்கள் 1960-களின் தாய்மார்களைவிட அதிக நேரம் குழந்தைகளைக் கவனிக்கிறார்கள். வேலைக்கும் போய்விட்டு! அந்த நேரம் அவர்கள் தூக்கத்திலிருந்தும் ஓய்விலிருந்தும் வீட்டு வேலையிலிருந்தும் பிடுங்கப்பட்டது. ஏங்கிப்போகிறது என்றால் அநேகமாக அம்மாவின் உடம்புதான்.

மனைவி அதிகம் சம்பாதித்தால் திருமணம் ஆட்டம் காணுமா?

பணத்தால் ஆட்டம் காண்பதில்லை, பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதால் காண்கிறது. யார் சம்பளத்தில் எந்தச் செலவு, சேமிப்பு யார் பெயரில், பெற்றோருக்கு எவ்வளவு என்பதைத் திருமணத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் எழுதிக் கொடுங்கள்.

வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொள்ள விரும்புகிறேன். அது தப்பா?

தப்பே இல்லை. உங்கள் விருப்பம் என்றால் அதில் ஒரு குறையும் இல்லை. நான் கவலைப்படுவது காகிதங்களைப் பற்றித்தான். வங்கிக் கணக்கில், வீட்டுப் பத்திரத்தில், காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? கடவுச்சொற்கள் தெரியுமா? கணவருக்கு ஏதாவது ஆனால், அல்லது பிரிய நேர்ந்தால், மறுநாள் காலை உங்கள் கையில் என்ன இருக்கும்? கணவர் நல்லவரா கெட்டவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நல்ல கணவர்களுக்கும் மாரடைப்பு வரும்.

ஓய்வூதியம் இன்னொரு பள்ளம். சம்பளம் இல்லாத வருடங்களுக்குப் பெரும்பாலும் ஓய்வூதியப் பங்களிப்பும் இருக்காது. ஜெர்மனியில் 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று வருடத்தை வளர்த்தவரின் ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கிறார்கள். உங்கள் நாட்டில் அப்படி ஏதும் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் குடும்ப வருமானத்திலிருந்து உங்கள் பெயரில் மாதாமாதம் ஒரு தொகை போகட்டும். இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். விவாகரத்தில் சொத்தைப் பிரிக்கும்போது சம்பாதித்தவர் ஒரு படி மேல், வீட்டைப் பார்த்தவர் ஒரு படி கீழ் என்று பாகுபாடு காட்டக்கூடாது என இங்கிலாந்தின் உச்ச மன்றம் 2000-இல் சொன்னது. நீதிமன்றம்வரை போகாமலே ஒரு குடும்பம் இதை ஏற்றுக்கொள்ளலாம்.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

உங்கள் வீட்டில் குறையும். உலகில் 7 கோடியே 56 லட்சம் வீட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. நான்கில் மூன்று பேர் பெண்கள். பத்தில் எட்டுப் பேருக்கு முறையான பாதுகாப்பு கிடையாது. அவர் உங்கள் குழந்தையைப் பார்க்கும்போது அவர் குழந்தையை யார் பார்க்கிறார்கள்? ஆள் வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. வார விடுமுறை, நோய்க்கு விடுப்பு, சரியான தேதியில் கூலி. உங்கள் மேலதிகாரியிடம் நீங்கள் எதிர்பார்ப்பது அத்தனையும் அவருக்கும் உண்டு.

சரி, எங்கள் வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

சின்னதாகத் தொடங்குங்கள். எங்கள் வீட்டில் ஒரு தொலைபேசி எண்ணில் தொடங்கியது.

பள்ளியில் பெற்றோர் இருவரில் யாரை முதலில் அழைக்கிறார்கள் என்று அமெரிக்காவில் பொருளாதார அறிஞர்கள் சோதித்தார்கள். அப்பாவும் அம்மாவும் எழுதியதுபோல ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பியதில், அம்மாவை அழைக்கும் வாய்ப்பு 1.4 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. இதைப் படித்த வாரம், மகளின் பள்ளிப் படிவத்தில் "முதல் தொடர்பு" என்ற கட்டத்தில் இருந்த என் எண்ணை அடித்துவிட்டுக் கணவரின் எண்ணை எழுதினேன். அவரே கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது வாரம் அழைப்பு வந்தது. மகளுக்குக் காய்ச்சல். அவர் கூட்டத்திலிருந்து எழுந்து போயிருக்கிறார். பள்ளியில் இருந்துகொண்டு எனக்கு அழைத்து, "போன தடவை ஒரு மருந்து ஒத்துக்கலையே, அது பேர் என்ன?" என்றார். சொன்னேன். நான் கிளம்பி வரட்டுமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்தில் மருந்தின் பெயர், அளவு, அடுத்து எத்தனை மணிக்கு.